வாலடியா, வால்முதலா: உள்ளான் கையேட்டுக்கு ஒரு சொல் (பேசுவோர் பெயருக்குப் பதில் அவரவர் ஊர்)

கோபி ஆசிரியை:
வணக்கமுங்க. பிள்ளைகள் பவானிக் கரையில் பறவை பார்க்க ஒரு கையேடு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். நீரோரம் மேயும் உள்ளான்களில் மூன்று குழப்புகின்றன. சாதாரண உள்ளான் ஓயாமல் பின்பக்கத்தை ஆட்டும், தோளோரம் வெள்ளை ஏறியிருக்கும். பொரி உள்ளானுக்கு முதுகெல்லாம் புள்ளி, கண்ணுக்கு மேல் நீண்ட வெளிர்கோடு. மூன்றாவது, முதுகு கருத்தது. வாய்க்கால் ஓரத்திலிருந்து எழுந்து பறந்தால் 'ரம்ப்', அதாவது முதுகு முடிந்து வால் தொடங்கும் இடம், பளிச்சென்று வெள்ளை. இந்த ரம்புக்குத் தமிழ் என்னங்க? பிட்டம் என்று போட்டால் எட்டாம் வகுப்பு அன்றைக்குப் பாடம் கேட்காது.

ஈரோடு:
பிட்டம் வடசொல் பிருட்டத்தின் சிதைவு, அதனாலேயே வேண்டாம். 'வால்முதல்' என்க. முதல் என்றால் அடி, வேர்.

பேரூர்:
ஐயா, தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் முதலையும் (முழுப்பொருள்) சினையையும் (அதன் உறுப்பு) பிரிக்கிறார். யானை முதல், கோடு சினை. வாலுக்கு முதல் எது? பறவை. அப்படியானால் வால்முதல் வெள்ளை என்றால் கொக்குதான்.

ஈரோடு:
சினைக்கும் சினை உண்டு. கைக்கு விரல், விரலுக்கு நகம்.

சூலூர்:
'வாலடி' போதுமுங்க, மூன்றே எழுத்து. ஆனால் எந்தச் சொல் போட்டாலும் பொரி உள்ளானுக்கும் அங்கே வெள்ளைதான். பறக்கையில் இறக்கையின் உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்க: கருத்ததுக்குக் கரி நிறம், பொரிக்கு வெளிர். சாதாரண உள்ளானுக்கு ரம்ப் பழுப்பு, இறக்கை மேல் வெள்ளைக் கோடு.

காங்கேயம்:
அடி என்றால் கீழும்தானே? மரத்தடி, கட்டிலடி. வாலடி என்று படித்த பிள்ளை வாலுக்குக் கீழே பார்க்கும். அங்கே மூன்றுமே வெள்ளை. சந்தையில் ஒரு மாட்டுக்காரரைக் கேட்டேன். "வாலு மொளைக்கிற எடமுங்க" என்றார். 'வால்முளை' என்றால் என்ன?

பேரூர்:
முளையில் மாடு கட்டுவோம். பறவையை எதற்குக் கட்டணும்?

ஈரோடு:
சினை பற்றி நான் சொன்னதற்கு இன்னும் பதில் இல்லை.

கோபி ஆசிரியை:
அச்சகத்தில் இருந்து ரெண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். சூலூர் சொன்னபடி வாலடி என்றே போட்டுவிட்டேனுங்க. காங்கேயத்து அண்ணன் சொன்ன குழப்பம் வராமல் படத்தில் மேல்பக்கம் அம்புக்குறி இருக்கிறது. உள்இறக்கை நிறமும் சேர்த்தாயிற்று.

காங்கேயம்:
அம்புக்குறி தேவைப்படுகிற சொல் என்ன சொல்லுங்க அம்மிணி?

ஈரோடு:
அச்சேறினால் வழக்காகிவிடாது. மறுபதிப்பில் வால்முதல். பிறகு, 'உள்இறக்கை' அன்று, 'உள்ளிறக்கை'. அதுவும் இறக்கையா சிறகா என்பது பற்றித் தனியே எழுதுகிறேன்.