எட்வர்ட் காலத்து ஆங்கிலக் கிராமத்துப் பாரிஷ்: ஊரைத் தாங்கியதா, கட்டிப் போட்டதா?

மைக்கூடு:

நூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கிராமம் என்று பேச்சு எடுத்தாலே "பாதிரியாரும் பண்ணையாரும் சேர்ந்து ஏழையை மிதித்த காலம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சண்டை போடுவதென்றால் இங்கேயே போடலாம் என்று இந்த இழை.

ஏழாம் எட்வர்ட் ஆண்டது 1901 முதல் 1910 வரை. முதல் உலகப்போர் வரைக்கும் இழுத்து 1914 என்று வைத்துக்கொள்வது வழக்கம். அன்றைக்குக் கூலிக்காரனுக்கு நோய் வந்தால் அரசாங்க மருத்துவமனை கிடையாது. 1912 வரை அரசுக் காப்பீடும் கிடையாது. அப்புறம் யார் பார்த்தது? பாரிஷ்தான், அதாவது ஒரு கோயிலையும் பாதிரியாரையும் மையமாக வைத்த ஊர் எல்லை. கோடை முழுக்க வாரம் ஒரு பென்னி கட்டினால் குளிர்காலத்தில் நிலக்கரி கிடைக்கும். துணிக்கும் அப்படி ஒரு சீட்டு உண்டு. நம்மூர் தீபாவளிச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள், ஒரே வித்தியாசம், நடத்துபவர் ஓடிப்போக மாட்டார். கணக்கு எழுதுவது பெரும்பாலும் பாதிரியாரின் மனைவி. வருடக் கடைசியில் தங்கள் பங்காகவும் கொஞ்சம் போட்டுக் கொடுப்பார்கள். வாசகசாலை, இரவுப் பள்ளி, அறுவடைத் திருநாள், பாடகர் குழு எல்லாம் அந்த ஒரு வீட்டைச் சுற்றித்தான் நடந்தன.

இதை அடக்குமுறை என்று சொல்கிறவர், அதை எடுத்துவிட்டால் அங்கே மிச்சம் என்ன இருந்திருக்கும் என்றும் சொல்லட்டும்.

கருக்கரிவாள்:

சொல்கிறேன். ஆனால் பொதுவாகப் பேசினால் காற்றில்தான் போகும். ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். நார்ஃபோக் மாவட்டத்தில் டிஸ் பக்கத்தில் பர்ஸ்டன்.

1911இல் அங்கே இரண்டு ஆசிரியர்கள் வந்தார்கள், கணவனும் மனைவியும். தலைமை ஆசிரியை ஆனி ஹிக்டன், உதவி ஆசிரியர் டாம் ஹிக்டன். அதே வருடம் புதுப் பாதிரியாரும் வந்தார், சார்லஸ் டக்கர் ஈலண்ட். அவர் வகித்த பொறுப்புகளைக் கவனியுங்கள். கோயிலுக்கு, அதாவது அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் தேவாலயத்துக்கு, அவர்தான் ரெக்டர், பொறுப்புப் பாதிரியார். பள்ளி மேலாளர் குழுவுக்கும் தலைவர். கோயில் மானிய நிலத்தைக் கூலிக்காரர்களுக்குக் குத்தகைக்கு விடுபவரும் அவரே. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்கும் ஆளிடம்தான் உங்கள் பிள்ளையின் படிப்பும் இருக்கிறது, உங்கள் உருளைக்கிழங்குப் பாத்தியும் இருக்கிறது.

டாம் ஹிக்டன் விவசாயக் கூலிகளைச் சங்கத்தில் சேர்த்தார். 1913இல் பாரிஷ் கவுன்சில் என்ற ஊர் மன்றத்தின் தேர்தலில் அவரும் கூலிக்காரர்களும் ஜெயித்தார்கள், பாதிரியார் கடைசி இடத்துக்குப் போனார். சரியாக ஒரு வருடத்தில், 1914 மார்ச் 31ஆம் தேதியோடு ஹிக்டன் தம்பதிக்கு வேலை போயிற்று. நனைந்து வந்த பிள்ளைகளின் உடையை உலர்த்த அனுமதி கேட்காமல் அடுப்பு மூட்டியது முதலிலேயே ஒரு பிரச்சினை. கடைசியில் சொன்ன காரணங்கள், அனாதை இல்லத்திலிருந்து ஊரில் வளர்க்க விட்டிருந்த இரண்டு பெண் குழந்தைகளை அடித்தது, மேலாளர்களிடம் மரியாதைக் குறைவாக நடந்தது.

மறுநாள் ஏப்ரல் 1. மொத்தம் 72 பிள்ளைகளில் 66 பேர் வகுப்புக்குப் போகவில்லை. "எங்கள் ஆசிரியர்கள் திரும்ப வேண்டும்" என்று அட்டை எழுதிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார்கள். முன்னால் நடந்தவள் வயலட் பாட்டர், வயது 13. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று பெற்றோரைக் கோர்ட்டுக்கு இழுத்து அபராதம் போட்டார்கள், ஆளுக்கு அரை கிரவுன். வாரக்கூலியே ஏறக்குறைய 14, 15 ஷில்லிங் இருந்த ஊரில் அது இரண்டரை ஷில்லிங். புல்வெளியில் கூட்டம் போட்டு உண்டியல் குலுக்கிக் கட்டினார்கள். வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக நின்ற குத்தகைக்காரர்களைப் பாதிரியார் மானிய நிலத்திலிருந்து வெளியேற்றினார்.

மைக்கூடு ஐயா, நிலக்கரிச் சீட்டு நல்லதுதான். கணக்கு நோட்டு யார் கையில் இருந்தது என்பதுதான் என் கேள்வி.

சும்மா பார்ப்பவன்:

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் போராடியதை இவ்வளவு ரசித்துப் படித்தது இதுதான் முதல் தடவை. தொடருங்கள்.

மைக்கூடு:

கரிவாள் நல்ல ஊராகத்தான் பிடித்திருக்கிறார். ஆனால் பாதிக் கதை சொல்கிறார்.

ஒன்று, பர்ஸ்டன் பள்ளி கோயில் பள்ளியே இல்லை. அது கவுன்டி கவுன்சில், அதாவது மாவட்ட மன்றத்தின் பள்ளி. வேலையை விட்டு நீக்கியதும் நார்ஃபோக் கல்விக் குழுதான். இன்னொன்று, ஹிக்டன் தம்பதி அதற்கு முன் அதே மாவட்டத்தில் உட் டாலிங் என்ற ஊரில் இருந்தார்கள். அங்கேயும் மேலாளர்களோடு தகராறு, அதனால்தான் பர்ஸ்டனுக்கு மாற்றம். அந்த மேலாளர்கள் பண்ணைக்காரர்கள். ஆக, இது பாதிரியார் என்ற பதவியின் குற்றமா, இரண்டு பக்கமும் கோபக்கார மனிதர்கள் மாட்டிக்கொண்ட கதையா?

அப்புறம் "பாதிரியார் கொழுத்த முதலாளி" என்ற படம். அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி தசமபாகம், விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகக் கோயிலுக்குச் சேர வேண்டியது. 1836 சட்டத்தில் அதைத் தானிய விலையோடு சேர்த்துப் பணமாக்கிவிட்டார்கள். 1870களுக்குப் பிறகு அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்க, விலை விழுந்தது. 1836இல் 100 பவுண்டாக வைத்தது 1901இல் சுமார் 66 பவுண்டு. பத்து அறை வீடு, பனியில் ஒழுகும் கூரை, நல்ல கோட்டு, உள்ளே கடன். அப்படியும் வாசலுக்கு வந்தவருக்கு சூப் ஊற்றினார்கள்.

சேகரத்துப் பேரன்:

எங்கள் வீட்டில் பாரிஷ் என்றால் உடனே "சேகரம்" என்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள் சொல்லும் சொல். கத்தோலிக்கர் "பங்கு" என்பார்கள். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம்மூர் சேகரத்தில் இருப்பது சபை மக்கள் மட்டும். இங்கிலாந்துப் பாரிஷில் நீ எந்தச் சபைக்குப் போனாலும், எங்கேயுமே போகாவிட்டாலும், அந்த எல்லைக்குள் குடியிருந்தால் நீயும் பாரிஷ்காரன்தான். சண்டையே அங்கேதான் தொடங்குகிறது.

கிராமத்தில் கோயிலுக்கு எதிர்ப்புறம் பெரும்பாலும் ஒரு சிற்றாலயம் இருக்கும். மெதடிஸ்டோ பாப்டிஸ்டோ, அரசுத் திருச்சபையில் சேராத சபைகள். நார்ஃபோக்கில் கூலிக்காரர்கள் கூடியது பிரிமிட்டிவ் மெதடிஸ்ட் சிற்றாலயங்களில். 1906இல் அங்கே கூலிகள் சங்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் எட்வர்ட்ஸ் அந்தச் சபைப் பிரசங்கிதான். எழுத்துக் கூட்டவே கல்யாணத்துக்குப் பிறகு மனைவி சொல்லிக்கொடுத்துக் கற்றவர். அவருக்கு ஐந்து வயதில் அப்பா பிள்ளைகள் பசிக்கு வயலிலிருந்து சில டர்னிப் கிழங்கை எடுத்து வந்து ஜெயிலுக்குப் போனார். குடும்பம் ஒர்க்ஹவுஸுக்குப் போயிற்று. அதுதான் வேலை வாங்கிக்கொண்டு சோறு போடும் ஏழை விடுதி.

இப்போது 1902 கல்விச் சட்டம். கோயில் பள்ளிகளின் செலவுக்கு உள்ளூர் வரியிலிருந்து பணம். ஆனால் ஆறு மேலாளர்களில் நான்கு பேர் கோயில் தரப்பு. பல ஊர்களில் இருந்ததே அந்த ஒரு பள்ளிதான். மெதடிஸ்ட் கூலிக்காரனும் வரி கட்ட வேண்டும், பிள்ளையையும் அங்கேயே அனுப்ப வேண்டும். லண்டன் பாப்டிஸ்ட் போதகர் ஜான் கிளிஃபர்ட் தலைமையில் "அந்த வரியைக் கட்ட மாட்டோம்" என்று கிளம்பினார்கள். வீட்டுச் சாமானை ஜப்தி செய்து ஏலம் விட்டார்கள். சிலர் ஜெயிலுக்கும் போனார்கள்.

வேத பாட வகுப்பிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ள 1870 சட்டத்திலேயே உரிமை இருந்தது. உரிமை இருந்து என்ன? கோட்டு போட்ட பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க எந்தக் கூலிக்காரன் எழுந்து "என் மகளை அனுப்ப மாட்டேன்" என்பான்?

கருக்கரிவாள்:

பேரன் சொன்ன அந்தக் கடைசிக் கேள்விதான் என் வாதத்தின் நடுமுள். அதையே தேர்தலுக்கும் கேளுங்கள்.

1894 சட்டத்தில் பாரிஷ் கவுன்சில் வந்தது, கோயில் கையில் இருந்த ஊர் நிர்வாகம் தேர்ந்தெடுத்தவர்களிடம் போனது என்று பெருமையாகச் சொல்வார்கள். சரி, ஓட்டு எப்படிப் போட்டார்கள்? கையைத் தூக்கி. ஊர்க்கூட்டத்தில், எல்லோர் முன்னாலும். யாராவது கேட்டால்தான் பெட்டி வைத்து வாக்கெடுப்பு. முன் வரிசையில் பண்ணைக்காரர் உட்கார்ந்திருப்பார். உன் குடிசை அவருடையது, வேலை போனால் குடிசையும் போகும். இப்போது கையைத் தூக்கு பார்ப்போம்.

மைக்கூடு, கல்விக் குழுதான் நீக்கியது என்பது உண்மை. அந்தக் குழுவுக்குப் புகார் போனது மேலாளர்களிடமிருந்து. அவர்களுக்குத் தலைவர் யார்? தேர்தலில் கடைசியாக வந்தவர். உட் டாலிங்கிலும் பர்ஸ்டனிலும் ஒரே தகராறு வந்தது என்றால் ஹிக்டன் கோபக்காரர் என்று மட்டும்தானா அர்த்தம்? இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி நாற்காலி, அதில் ஒரே மாதிரி ஆட்கள் என்றும் இருக்கலாமே.

அல்லிக்கேணி:

ஆண்கள் எல்லோரும் நிலம், ஓட்டு, தசமபாகம் என்று போய்விட்டீர்கள். வீட்டுக்குள் வாருங்கள்.

பிரசவம் யார் பார்த்தார்கள்? ஊரில் ஒரு பாட்டி. குழந்தையை வெளியே எடுப்பதும் அவர்தான், செத்தவரைக் குளிப்பாட்டிக் கிடத்துவதும் அவர்தான். 1902 மருத்துவச்சிச் சட்டத்துக்குப் பிறகு பயிற்சியும் பதிவும் தேவை என்றாயிற்று. 1910இலிருந்து சான்றிதழ் இல்லாதவர் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் கூலிக்குப் பிரசவம் பார்ப்பதைத் தொழிலாக வைத்துக்கொள்ளக் கூடாது. அப்போது கிராமத்துக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ் எப்படி வந்தார்? வீட்டுக்கு வீடு சந்தா, மீதியைப் பெரிய வீடுகள் போடும். அந்தப் பணத்தைத் திரட்டியதில் பாதிரியார் வீட்டுப் பெண்களுக்கு நிறையப் பங்கு உண்டு. மைக்கூடு சொல்வதில் இந்த ஒன்றை நான் ஒத்துக்கொள்கிறேன். அந்த நர்ஸின் சைக்கிள் காப்பாற்றிய தாய்மார்கள் யாருடைய சித்தாந்தத்துக்கும் சாட்சி சொல்ல வரமாட்டார்கள்.

ஆனால் தர்மம் வாங்கினவளுக்கு அதன் விலை தெரியும். ரெக்டரின் மனைவி எதிரே வந்தால் முட்டியை வளைத்து வணங்க வேண்டும். பெண் குழந்தைகளுக்கு அதைச் சொல்லியே வளர்ப்பார்கள்.

அதனால்தான் 1909 ஜனவரி 1ஆம் தேதியை நான் பெரிய நாளாக நினைக்கிறேன். முதியோர் ஓய்வூதியம். வயது 70, ஆண்டு வருமானம் 21 பவுண்டுக்கு மேல் போகாமல் இருந்தால் வாரம் 5 ஷில்லிங். கொடுத்த இடம் தபால் ஆபீஸ். புத்தகத்தை நீட்டினால் பணம். கோயிலுக்கு வந்தாயா என்று தபால்காரர் கேட்க மாட்டார். அதிலும் குறை இருந்தது, ஏழைச் சட்டத்தின்படி உள்ளூர் வரியிலிருந்து கொடுத்த உதவியை வாங்கினவர்களை முதலில் விலக்கி வைத்தார்கள், 1911இல்தான் அது நீங்கிற்று. ஒர்க்ஹவுஸ் பெயருக்கே அவ்வளவு பயம். அங்கே பிறந்த குழந்தையின் பிறப்புப் பதிவில் அந்தப் பெயரைப் போடாமல் வெறும் தெரு முகவரி போடச் சொல்லி 1904இல் உத்தரவு வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைக்கூடு:

அல்லி, அந்த 5 ஷில்லிங்குக்கு வயதை எப்படி நிரூபித்தார்கள்? 1830களில் பிறந்தவர்கள். அரசாங்கப் பிறப்புப் பதிவே 1837இல்தான் தொடங்கியது, ஆரம்பத்தில் ஒழுங்காகவும் நடக்கவில்லை. அப்போது கோயில் இரும்புப் பெட்டியிலிருந்து ஞானஸ்நானப் பதிவேடு வெளியே வரும். ஆக, தபால் ஆபீஸ் வாசலுக்கும் வழி கோயில் வழியாகத்தான்.

கரிவாளுக்கு ஒன்று விட்டுக்கொடுக்கிறேன். மூன்று பொறுப்பும் ஒரே ஆள் கையில் இருந்தது தவறு. நல்ல ரெக்டர் வந்தால் ஊருக்கு அதிர்ஷ்டம், மோசமானவர் வந்தால் அவர் சாகும்வரை காத்திருக்க வேண்டும். பல ஊர்களில் ரெக்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏதோ ஒரு பண்ணையாரின் குடும்பச் சொத்து, ஊராருக்கு அதில் பேச்சே இல்லை. இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் மாற்று என்று நீங்கள் காட்டுவதெல்லாம் சில வருடம் கழித்து வந்தவை. 1903 ஜனவரியில் நிமோனியாவில் கிடந்தவனுக்கு 1912 காப்பீட்டால் என்ன பயன்? சூப்தான் பயன்.

சும்மா பார்ப்பவன்:

அந்தப் பிள்ளைகள் கடைசியில் பள்ளிக்குப் போனார்களா இல்லையா? யாரும் சொல்லாமல் சூப்புக்குப் போய்விட்டீர்கள்.

கருக்கரிவாள்:

போனார்கள், வேறு பள்ளிக்கு. முதலில் புல்வெளியில் பாடம், பிறகு ஒரு தச்சுப் பட்டறையில். தொழிற்சங்கங்கள் நாடு முழுக்கப் பணம் திரட்டின. சுரங்கத் தொழிலாளர்கள், ரயில்வேக்காரர்கள் எல்லோரும் கொடுத்தார்கள். 1917 மே மாதம் புல்வெளி ஓரத்தில் சொந்தக் கட்டடம் எழுந்தது, திறந்து வைத்தது அதே வயலட் பாட்டர். பணம் கொடுத்தவர்கள் பெயரை முன்சுவர்க் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். டாம் ஹிக்டன் 1939இல் இறந்த பிறகுதான் பள்ளி மூடியது. இருபத்தைந்து வருட வேலைநிறுத்தம்! கட்டடம் இன்றும் நிற்கிறது, செப்டம்பர் முதல் ஞாயிறு அங்கே கூட்டம் நடக்கிறது.

மைக்கூடு:

கணவனையும் மனைவியையும் எங்கே அடக்கம் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள், கரிவாள்.

கருக்கரிவாள்:

பர்ஸ்டன் கோயில் கல்லறைத் தோட்டத்தில். பக்கத்தில் பக்கத்தில். உடனே "பார்த்தீர்களா, பாரிஷ் இடம் கொடுத்தது" என்று கிளம்ப வேண்டாம். அந்த எல்லைக்குள் குடியிருந்தவருக்கு அங்கே ஆறடி மண் உரிமை. பேரன் மேலே சொன்னதுதான்.

மைக்கூடு:

அதைத்தான் நானும் முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.