இலச்சினை நிலைப்பது வடிவத்தாலா, பழக்கத்தாலா?

செந்தூரன்:
ஒரு நிறுவனத்தின் இலச்சினையைக் கண்ட மாத்திரத்தில் அதன் பெயர் நினைவுக்கு வருவதற்கும், அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அது பழையதாகத் தோன்றாதிருப்பதற்கும் எது காரணம்? வடிவமே காரணம் என்பது என் நிலைப்பாடு. 1951இல் வில்லியம் கோல்டன் சிபிஎஸ் தொலைக்காட்சிக்கு வரைந்த கண், 1962இல் பால் ராண்ட் ஏபிசி தொலைக்காட்சிக்கு வரைந்த வட்டம், 1960களின் தொடக்கத்தில் சேஸ் மன்ஹாட்டன் வங்கிக்காக செர்மாயெஃபும் கைஸ்மரும் அமைத்த எண்கோணம் ஆகியவை இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அந்த எண்கோணத்தில் பணமும் இல்லை, கட்டடமும் இல்லை, எழுத்தும் இல்லை. நான்கு துண்டுகள் ஒரு வெற்றுச் சதுரத்தைச் சூழ்ந்து நிற்கின்றன, அவ்வளவுதான். தன் காலத்து அலங்காரம் எதையும் சுமக்காத உருவத்திற்கு வயதாவதில்லை. பழக்கமே காரணம் என்று கருதுவோர் இங்கே மறுத்து எழுதலாம்.

முகிலன்:
மறுக்கிறேன். நைக்கி நிறுவனத்தின் வளைகோட்டை எடுத்துக்கொள்வோம். 1971இல் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக மாணவி கரோலின் டேவிட்சன் 35 டாலர் ஊதியத்திற்கு வரைந்து கொடுத்த அந்தக் கோடு, நிறுவனர் ஃபில் நைட்டுக்கே அப்போது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதன் பிறகு 1995 வரை, அதாவது ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம், நிறுவனத்தின் பெயரும் அந்தக் கோட்டோடு துணைக்கு வந்தது. உருவம் தானாகவே அடையாளம் காட்டும் என்றால் அத்தனை நீண்ட துணை எதற்கு? அதை ஒருபோதும் கண்டிராத ஒருவரிடம் காட்டினால், ஆசிரியர் விடைத்தாளில் போடும் 'சரி' குறி என்றுதான் சொல்வார். ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதே அதன்மீது விருப்பத்தை உண்டாக்கப் போதுமானது என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நாம் 'சிறந்த வடிவம்' என்று போற்றுவதில் பெரும்பகுதி, பலகாலம் பார்த்துப் பழகியதன் விளைவே.

செந்தூரன்:
பழக்கம் வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பழக்கப்படுத்தவே இயலாத வடிவங்களும் உண்டல்லவா? ஆப்பிள் நிறுவனத்தின் முதல் இலச்சினை 1976இல் ரொனால்ட் வேய்ன் வரைந்தது; மரத்தடியில் நியூட்டன் அமர்ந்திருக்கும் செதுக்கோவியம், சுற்றிலும் சட்டகம், சட்டகத்தில் எழுத்துகள். அதைச் சிறிதாக்கி ஒரு கணினியின் முகப்பில் பொறித்தால் கறை போலத்தான் தெரியும். அடுத்த ஆண்டே ராப் ஜானாஃப் வரைந்த கடித்த ஆப்பிள் வந்தது. அந்தக் கடிவாய்க்குப் பலரும் பல தத்துவங்கள் சொல்வதுண்டு. ஜானாஃப் சொன்ன காரணமோ மிக எளியது. கடிவாய் இல்லாவிட்டால் சிறிய அளவில் அது செர்ரிப்பழமாகத் தோன்றக்கூடும். வண்ணப் பட்டைகள் 1998இல் நீங்கின, உருவரையோ ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. முதல் வடிவத்தை எத்தனை ஆண்டுகள் பழக்கியிருந்தாலும் இது நடந்திருக்குமா?

மாதவி:
எளிமையை இலக்கணமாக்கும் முன், கோகோ கோலாவுக்கு ஒரு விடை சொல்லிவிட்டுச் செல்லுங்கள். 1886இல் அந்நிறுவனத்தின் கணக்கர் ஃபிராங்க் ராபின்சன் எழுதிய எழுத்துருவம் அது. ஸ்பென்சேரியன் என்னும் அந்தக் கையெழுத்து முறை அன்றைய அமெரிக்காவில் வணிகக் கடிதங்களிலும் பேரேடுகளிலும் பரவலாக வழங்கியது. சுழிகள், வால்கள், தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடுகள் என்று செந்தூரன் ஒதுக்கச் சொல்லும் காலத்து அலங்காரம் அனைத்தும் அதில் இருக்கிறது. அது காலத்தைக் கடந்த வடிவம் அன்று. தன் காலத்தில் அழுந்தப் பதிந்த வடிவம். மற்றவர்கள் எல்லாரும் அந்தக் கையெழுத்தைக் கைவிட்டார்கள், இவர்கள் விடவில்லை. ஊருக்கே பொதுவாயிருந்தது, காலப்போக்கில் ஒருவருக்கு மட்டும் உரியதாயிற்று.

இன்னொன்றும் உண்டு. பொட்டலங்களை வண்டிகளில் கொண்டுசேர்க்கும் ஃபெடெக்ஸ் நிறுவனத்தின் இலச்சினையில், லிண்டன் லீடர் 1994இல் வடிவமைத்த அந்த எழுத்துகளில், இறுதி 'ஈ' எழுத்துக்கும் 'எக்ஸ்' எழுத்துக்கும் இடைப்பட்ட வெண்வெளி ஓர் அம்பாக அமைந்திருப்பதை வடிவமைப்பு வகுப்புகள் தோறும் காட்டிப் பெருமைப்படுகிறார்கள். கைத்திறன் என்ற அளவில் அது அருமையானதுதான். ஆனால் யாரேனும் சுட்டிக்காட்டும்வரை அந்த அம்பைக் காணாதவர்கள் ஏராளம். அவர்களும் அந்த வண்டியைத் தொலைவிலேயே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

அச்சகத்தான்:
நீங்கள் எல்லாரும், வடிவம் என்றால் அதன் நுணுக்கங்கள் அனைத்தும் என்று வைத்துக்கொண்டு பேசுவதாகத் தோன்றுகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வொன்றில், 85 மாணவர்களிடம் ஆப்பிள் இலச்சினையை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். பிழையின்றி வரைந்தவர் ஒரே ஒருவர். பல வடிவங்களைக் காட்டிச் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோதும் பாதிக்கும் குறைவானவர்களே சரியாகச் சொன்னார்கள். கடி எந்தப் பக்கம், இலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை நாள்தோறும் பார்ப்பவர்களே அறியவில்லை. மனம் சேமித்து வைப்பது உருவரையின் சாரத்தையும் நிறத்தையும் மட்டுமே. ஆகவே ஓர் இலச்சினைக்குக் கேட்க வேண்டிய கேள்வி, நுணுக்கம் அனைத்தும் உதிர்ந்த பின் அதில் என்ன எஞ்சுகிறது என்பதே.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அன்றாடச் சோதனை. உலாவியின் தாவலில் 16 படப்புள்ளி அகலத்தில் ஒரு சின்னத்தை வைத்துப் பாருங்கள். மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நிழல்கள் அழுக்காகும், எழுத்துகள் புள்ளிகளாகும். சட்டைப்பையில் நூலால் தைக்கும்போதும், ரப்பர் முத்திரையில் ஒரே மையில் அழுத்தும்போதும் இதே கதைதான். ஐபிஎம் நிறுவனத்திற்கு ராண்ட் 1972இல் தந்த எட்டுப் பட்டை வடிவம்கூட, அளவு மிகக் குறைந்தால் பட்டைகளை இழந்து மூன்று தடித்த எழுத்துகளாகிவிடுகிறது. ஆயினும் அந்த மூன்று எழுத்துகளின் கனமும் சதுரத்தன்மையும் நிற்பதால் அது பிழைக்கிறது.

முகிலன்:
அச்சகத்தான் சொல்லும் சாரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி. 2010 அக்டோபரில் கேப் ஆடை நிறுவனம் தன் நீலச் சதுர இலச்சினையைக் கைவிட்டு, ஹெல்வெட்டிகா என்னும் எழுத்துருவில் பெயரும் அதன் மூலையில் சிறு நீலக் கட்டமுமாகப் புதிது ஒன்றை வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பி, ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே பழையதற்குத் திரும்பியது. அதற்கு முந்தைய ஆண்டில் டிராப்பிகானா என்னும் பழச்சாறு நிறுவனம், ஆரஞ்சுப் பழத்தில் உறிஞ்சுகுழல் செருகிய படத்தை உறையிலிருந்து நீக்கியது; இரண்டு மாதத்திற்குள் விற்பனை ஏறத்தாழ 20 விழுக்காடு சரிந்தது, பழைய உறையே மீண்டும் வந்தது. உறை வேறு, இலச்சினை வேறு என்பீர்கள். கடையடுக்கின் முன் அவசரமாக நிற்கும் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது. இரண்டு நிகழ்விலும் புதியது பழையதைவிட எளிமையானது. எளிமை காப்பாற்றவில்லையே?

செந்தூரன்:
கேப் வெளியிட்டது எளிமையானது, ஆனால் எவருக்கும் உரியதாக இல்லாதது. ஹெல்வெட்டிகா எழுத்தைப் பயன்படுத்தாத நிறுவனத்தைத் தேடிப் பிடிக்க வேண்டிய நிலையில், மூலையில் ஒரு கட்டத்தை ஒட்டிவைப்பது அடையாளம் ஆகாது. எளிமையும் தனித்தன்மையும் ஒருங்கே வேண்டும். மாஸ்டர்கார்டைப் பாருங்கள். 1968 முதல் ஒன்றையொன்று வெட்டும் சிவப்பு, மஞ்சள் வட்டங்கள். 2016இல் பென்டகிராம் என்னும் வடிவமைப்பு நிறுவனம் அவற்றைத் துலக்கித் தந்தது. 2019இல் பெயரையே நீக்க முடிந்தது.

மாதவி:
அந்த எடுத்துக்காட்டு உங்கள் பக்கம் நிற்கவில்லை. இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டுவதைப் பள்ளிக் கணக்குப் புத்தகத்திலேயே காணலாம். அதைத் தனக்கே உரியதாக்கியது ஐம்பது ஆண்டு கால விடாப்பிடி.

நாம் பேசும் முறையிலேயே ஒரு கோளாறு இருப்பதையும் சொல்ல வேண்டும். பிழைத்த சின்னங்களை மட்டும் அடுக்கிவைத்து, அவற்றுக்குப் பொதுவாயிருக்கும் குணங்களையே பிழைத்ததற்குக் காரணம் என்கிறோம். அதே குணங்களோடு மறைந்தவற்றை யாரும் எண்ணுவதில்லை. பால் ராண்ட் தம் இறுதிக் காலத்தில் என்ரான் என்னும் அமெரிக்க எரிசக்தி நிறுவனத்திற்குச் சாய்ந்து நிற்கும் ஒற்றை எழுத்தை வடிவமைத்தார். உறுதியான உருவரை, சிறிதாக்கினாலும் சிதையாது. 2001 டிசம்பரில் அந்நிறுவனம் திவாலானபோது அதே எழுத்து உலகெங்கும் மோசடியின் முகமாகச் செய்திகளில் வந்தது. உடனே அடையாளம் காணத்தக்கதா என்றால், ஆம், முன்னெப்போதையும்விட அதிகமாக!

அச்சகத்தான்:
மறைந்தவற்றையும் எண்ண வேண்டும் என்பது சரியான வாதம். எண்ணும்போது அவை மறைந்த விதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். என்ரான் சின்னம் நிறுவனத்தோடு போயிற்று. கேப்பின் புதுச்சின்னம் தன் வெறுமையால் போயிற்று. பொட்டலங்களைக் கொண்டுசேர்க்கும் யுபிஎஸ் நிறுவனத்திற்கு ராண்ட் 1961இல் வரைந்த, நாடா கட்டிய பொட்டலமும் கேடயமும் கொண்ட சின்னத்திற்கு நிறுவனமும் நன்றாகவே இருந்தது, வடிவமும் நன்றாகவே இருந்தது. 2003இல் உரிமையாளர்கள் அதை எடுத்துவிட்டு நிழல் பூசிய கேடயத்தை வைத்தார்கள். ட்விட்டரின் நீலப்பறவை 2023 ஜூலையில் போனதும் இவ்வகையே. உயிரோடிருக்கும் நிறுவனங்களில், சின்னத்தைக் கொல்வது பெரும்பாலும் அதைத் தினமும் பார்த்துச் சலித்துப்போன சொந்தக்காரர்கள்தாம் என்பது என் கருத்து. வாடிக்கையாளருக்கு அப்போதுதான் அது பழகத் தொடங்கியிருக்கும்.

முகிலன்:
இதைத்தான் நானும் சொல்லிவருகிறேன், சற்று முரட்டுத்தனமாக.

செந்தூரன்:
முழுவதும் ஒன்றல்ல. விடாப்பிடி என்றால் தொடாமலே வைத்திருப்பது அன்று. லண்டன் சுரங்க ரயிலின் சின்னம் 1908இல் நிறைந்த சிவப்பு வட்டமும் குறுக்கே நீலப் பட்டையுமாகத் தொடங்கியது. எட்வர்ட் ஜான்ஸ்டன் பின்னர் அந்த வட்டத்தை வளையமாக்கினார். ஷெல் நிறுவனத்தின் சிப்பி, 1904இல் உண்மையான சிப்பியைப் பார்த்து வரைந்தது போன்ற ஓவியம். பலமுறை திருத்தப்பட்டு, 1971இல் வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியின் கையில் சில தடித்த வரிகளாகச் சுருங்கியது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அறிந்து திருத்தியவரின் கண் வடிவத்தைப் பார்த்த கண்தானே? பழக்கம் மட்டுமே போதுமென்றால் லோவியை எதற்கு அழைத்தார்கள்?

மாதவி:
அழைத்தது சரிதான். ஆனால் அவர் சிப்பியை எடுத்துவிட்டு வேறொன்றை வரைந்து கொடுத்திருந்தால், அது எவ்வளவு அழகாயிருந்தாலும், இன்று உங்கள் பட்டியலில் இருந்திருக்குமா என்பதற்கும் விடை எழுதுங்கள்.