பழைய ஜிப்ஸியின் உள்தரைக்கு ஸ்ப்ரே லைனர் அடிக்கலாமா?

கொடைமலை_ஜிப்ஸி:
1998 மாடல் மாருதி ஜிப்ஸி, துணிக்கூரை. மழையில் போய் வந்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது. டிரைவர் காலடியில் பெயின்ட் உப்பித் துரு தெரிகிறது. பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் அடிக்கும் சொரசொரப்பான கறுப்பு லைனரை உள்தரை முழுக்க அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

சேற்றுப்பாதை:
தாராளமாக அடியுங்கள். என் வண்டியில் ஜாக்கி, இழுவைச் சங்கிலி, சேற்று பூட்ஸ் எல்லாம் உரசியும் தகடு வெளியே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் தரையின் ரப்பர் அடைப்பானைக் கழற்றி, ஹோஸ் பிடித்துக் கழுவிவிடுகிறேன். கார்பெட் விரித்த தரையில் இது நடக்குமா? ராப்டர் மாதிரி நாமே கலந்து அடிக்கும் லைனர் கிட் என்றால் 3 பங்கு பூச்சுக்கு 1 பங்கு ஹார்ட்னர் (பூச்சை இறுகவைக்கும் திரவம்). சாதாரண கம்ப்ரெசரே போதும்.

தகட்டுப்பட்டறை:
தம்பி, அவசரம் வேண்டாம். இத்தனை வயதான வண்டியில் தகடு எங்கே மெலிந்திருக்கிறது என்பது கண்ணில் பட வேண்டும். வெறும் தகட்டில் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தினால் சத்தத்திலேயே நிலைமை தெரிந்துவிடும். லைனர் மேல் குத்தினால் மெத்தென்று அமுங்கும், ஒன்றும் தெரியாது. சீட் போல்ட், பெல்ட் போல்ட் ஓரங்களில் பூச்சு லேசாகத் தூக்கினாலும் தண்ணீர் உள்ளே போய் அடியிலேயே தங்கிவிடும். பிறகு வெல்டிங் வைக்க வேண்டுமானால் முதலில் அதைச் சுரண்டியெடுக்க வேண்டும். அந்த வேலை எங்களைக் கேட்டால்தான் தெரியும். சூடு பட்டால் இளகி இழுபடும், எரிந்தால் நச்சுப்புகை.

சேற்றுப்பாதை:
அண்ணே, அது லைனரின் குற்றமில்லை, துருவின் மேலேயே அடித்தவரின் குற்றம். சீட்டைக் கழற்றி, பளபளவென்று தகடு தெரியும்வரை தேய்த்து, கிரீஸ் போகத் துடைத்து, துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்சி பிரைமர் கொடுத்து, மூட்டுகளில் சீலர் போட்டு அடித்தால் ஏன் தூக்கப் போகிறது? துருமேல் அடித்தால் பெயின்ட்டும்தான் உரியும்.

தகட்டுப்பட்டறை:
சரி, அப்படிச் செய்தால் நிற்கும். எத்தனை இடத்தில் அப்படிச் செய்கிறார்கள்? மேலாக உப்புத்தாள் போட்டு, ரெட் ஆக்சைடு அடித்து, மாலையில் வண்டியை விட்டுவிடுவார்கள். எபாக்சி பிரைமர், மேலே பெயின்ட், அதற்கு மேல் எடுத்துப் போடும் ரப்பர் மேட். என் யோசனை இவ்வளவுதான். பெயின்ட் உப்பினால் அன்றே தெரியும்.

சேற்றுப்பாதை:
மேட்டைத் தூக்கிப் பார்த்தால்தானே தெரியும்? துணிக்கூரை வண்டியில் அதன் அடியில்தான் ஈரம் நாள்கணக்கில் நிற்கும்.

நீலகிரி_4x4:
இருவரும் விட்ட ஒன்று. அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். உடம்பு ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். முகத்தில் கைக்குட்டை கட்டுவதால் பயனில்லை. வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் முகமூடி வேண்டும். தயவுசெய்து வீட்டு போர்ட்டிகோவில், பிள்ளைகளை உதவிக்கு வைத்துக்கொண்டு அடிக்காதீர்கள்.

கொடைமலை_ஜிப்ஸி:
இன்று சீட்டைக் கழற்றினேன். அண்ணன் சொன்னபடி குத்தியதில், கிளட்ச் பெடலுக்குக் கீழே ஸ்க்ரூடிரைவர் உள்ளேயே இறங்கிவிட்டது. அங்கே தகட்டை வெட்டிப் புதிதாக வைக்க வேண்டும். அதனால் முன்பக்கம் பெயின்ட்டோடு நிறுத்திவிட்டு, சாமான் வைக்கும் பின்தரைக்கு மட்டும் லைனர் அடிக்கலாமென்று இருக்கிறேன்.

சேற்றுப்பாதை:
எனக்கு இது ஒப்பவில்லை. அதிகம் நனைவது முன்பக்கம். புதுத் தகடு வைத்த கையோடு அடிப்பதுதான் லைனருக்கு நல்ல நேரம், அப்போதுதான் அடியில் துரு இல்லையென்று உறுதியாகத் தெரியும்.

தகட்டுப்பட்டறை:
முன்பக்கம் ஒரு மழைக்காலம் போகட்டும் தம்பி. வெல்டிங் ஓரத்தில் துரு கிளம்பாவிட்டால் அப்புறம் அடித்துக்கொள்ளலாம். புதுத் தகட்டின் அடிப்பக்கத்துக்கும் எபாக்சி கொடுக்கச் சொல்லுங்கள், சக்கரம் வாரியடிக்கும் சேறு அங்கேதான் ஒட்டும். பின்தரைக்கு அடிக்கும்போது தண்ணீர் வடியும் ஓட்டைகளை டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.