குஸ்மால் மூச்சு: ‘ஓயா ஆழ்மூச்சு’ என்று சொல்லலாமா?

குழுமத்தினருக்கு வணக்கம்.

இரத்தம் அமிலமாகும்போது வரும் ஆழ்ந்த மூச்சை ஆங்கிலத்தில் ‘Kussmaul breathing’ என்பார்கள். அதற்குத் தமிழ்ப் பெயராகக் குழுமத்தில் வந்த ‘குஸ்மால் சுவாசம்’, ‘அமிலச் சுவாசம்’, ‘நெட்டுயிர்ப்பு’ ஆகிய பரிந்துரைகளைப் படித்தேன். இலங்கையின் வன்னியில் நீண்ட காலம் தாதியாக வேலை செய்தவள் என்ற முறையில், நோயாளியின் கட்டிலருகே இச்சொற்கள் என்ன வேலை செய்யும் என்று மட்டும் எழுதுகிறேன்.

மாங்குளத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளையை இரவில் ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாகச் சத்தி (வாந்தி), வயிற்றுவலி. “தொய்வுதான், சின்ன வயதிலும் வந்தது” என்றார் தாயார். அந்தச் சொல்லைக் கேட்டு, ஆஸ்துமா என்று நினைத்து, ஆவி மருந்துக்கான முகமூடியைப் பொருத்தியவள் நான். பிறகுதான் பிள்ளையைச் சரியாகப் பார்த்தேன். கையைத் தூக்கவும் பலமில்லை. மூச்சோ ஓடிக் களைத்தவருடையதுபோல் அடிவயிறு வரை இறங்கி ஏறியது. நெஞ்சில் விசில் சத்தம் இல்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓய்வே இல்லை. குனிந்தபோது, கனிந்து புளித்த பழத்தின் வாசம். விரலில் குத்திச் சீனி பார்த்தோம். கருவி எண் காட்டவில்லை, ‘ஹை’ என்று மட்டும் காட்டியது. அன்றுவரை அந்தப் பிள்ளைக்குச் சீனி வருத்தம் இருப்பது எவருக்கும் தெரியாது. சேலைனும் இன்சுலினும் ஏற, மறுநாள் மாலை தண்ணீர் கேட்டாள்.

ஜெர்மானிய மருத்துவர் அடோல்ப் குஸ்மால் 1874இல் விவரித்ததும் இந்த முரணைத்தான்: உடல் சோர்ந்து கிடக்கிறது, மூச்சு மட்டும் பலத்தோடு நடக்கிறது, காற்றுப் பாதையில் அடைப்பு எதுவும் இல்லை. இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிக்கிறது. அதில் உண்டாகும் கீற்றோன்கள் என்ற பொருட்கள் சேர்ந்து இரத்தம் அமிலமாகிறது. மூளைத்தண்டு அதை உணர்ந்து, கரியமில வாயுவை வெளியேற்றி அமிலத்தைக் குறைக்க மூச்சை முடுக்குகிறது. சுவாசப்பைக்கு நோயில்லை, வேறோர் உறுப்பின் கடனை அது அடைக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கும் இதே மூச்சு வரும். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோயாளர் பலர் இருப்பதால் இது எங்களுக்கு அடிக்கடி தேவைப்படும் சொல்.

நம் மக்களிடம் உள்ள சொற்கள் தொய்வு, முட்டு, இரைப்பு. எல்லாமே நெஞ்சைக் காட்டுகின்றன. இவற்றைவிட எனக்குப் பயம் தருவது ‘சேடம் இழுக்கிறது’ என்பது. அந்தச் சொல் வாயில் வந்ததும் வீட்டார் உறவினருக்குச் சொல்லியனுப்பத் தொடங்குகிறார்கள், வாகனம் தேடுவதில்லை. மருந்தால் திருப்பக்கூடிய ஒரு நிலைக்குச் சாவின் சொல்லைச் சூட்டிவிடுகிறோம். ஆகவேதான் இந்தக் கலைச்சொல்லை அகராதியில் ஒரு வரி என்று என்னால் நினைக்க முடியவில்லை.

‘நெட்டுயிர்ப்பு’ அழகான சொல், ஆனால் துயரத்தோடு பிறந்த சொல். படித்தவர் காதில் பிரிவாற்றாமைதான் ஒலிக்கும். ‘அமிலச் சுவாசம்’ அமிலம் மூச்சில் இருப்பதாக மயக்குகிறது. மேலும் அது இரத்தப் பரிசோதனை வந்த பிறகு சொல்லக்கூடிய பெயர். நமக்கு வேண்டியது கண்ணால் பார்த்ததும் சொல்லக்கூடியது. வெறும் ‘ஆழ்மூச்சு’ போதுமா? போதாது, வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்து எடுக்கச் சொல்வதும் அதுதான்.

என் பரிந்துரை ‘ஓயா ஆழ்மூச்சு’. ஆழமும் இடைவிடாமையும் அதில் உள்ளன. தொடக்கத்தில் மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் இருக்கலாம். இப்பெயர் முற்றிய நிலைக்கே பொருந்தும் என்பதை விளக்கத்தில் சேர்க்க வேண்டும். இன்னொரு பயனும் உண்டு. செயின், ஸ்டோக்ஸ் என்ற இரு மருத்துவர்கள் பெயரால் வழங்கும் மூச்சு படிப்படியாகப் பெருகிக் குறைந்து, சில விநாடிகள் நின்று, மறுபடி எழும். அதை ‘ஓய்ந்தெழு மூச்சு’ என்றால் இரண்டும் இணையாக நிற்கும். ஓய்கிறதா, ஓயவில்லையா என்று ஒரு நிமிடம் கட்டிலருகே நின்று பார்த்தால் பயிற்சித் தாதிக்கும் வேறுபாடு பிடிபடும்.

இலக்கணம் அறிந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். புணர்ச்சி விதிப்படி ‘ஓயாவாழ்மூச்சு’ என்று சேர்த்து எழுதிவிடாதீர்கள். ‘வாழ்’ என்று கண் பிரித்துப் படித்துவிடும். இடைவெளி விட்டே எழுதுவோம்.