'பின்' எந்தப் 'பின்'? ஒலி பிரித்துச் சொல்லித்தர உதவுங்கள்

வணக்கம். தமிழ்வழி இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில வாசிப்பு நடக்கிறது. அகரவரிசையை விட்டுவிட்டு எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) ஆறின் ஒலிகளை மட்டும் முதலில் தருகிறோம். இவற்றை வைத்தே சிட், பின், டின், பேன் என்று கூட்டிப் படிக்கலாம்.

தொடக்கத்தில் 'ப்' என நிறுத்தாமல் 'பு' என்பார்கள். 'பு-இ-ன்' என்று இழுத்தால் சொல்லே பிடிபடாது. பலகையில் 'ப' எழுதி மேலே புள்ளி வைத்துக் காட்டினால் சட்டென்று சரியாகிவிடுகிறது. நம் புள்ளி அவ்வளவு நல்ல கருவி!

திணறுவது அடுத்த இடத்தில். குண்டூசிப் 'பின்' (pin), குப்பைத்தொட்டிப் 'பின்' (bin) இரண்டுக்கும் தமிழில் ஒரே 'ப'. வாய்க்கு முன் தாள் பிடித்து, p சொன்னால் காற்றில் அசையும், b-க்கு அசையாது என்று காட்டும் உத்தி பலிப்பதில்லை. நம் உச்சரிப்பில் காற்று அவ்வளவாக வெளிவராது. 'அப்பா', 'அம்பு' சொல்லவைத்தால் காது வேறுபாட்டைப் பிடிக்கிறது. ஆனால் சொல்லின் முதலில் வந்தால் மறுபடி குழப்பம்.

முதலெழுத்து மட்டும் மாறும், படம் வரையக்கூடிய சொல்லிணைகள் பத்துப் பதினைந்து இருந்தால் தாருங்கள். டி ஒலிகள் (t, d) இரண்டுக்கும் வேண்டும். வகுப்பில் பலித்த வேறு உத்தி இருந்தாலும் எழுதுங்கள்.