லாகின், லாக் அவுட்: பொத்தானில் என்ன எழுதுவது?

வணக்கம். எங்க பள்ளிக்கூட லேபுக்கு ஒரு பயிற்சி மென்பொருளைத் தமிழாக்கிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை கோப்பு அனுப்பணும். லாகினுக்கு உள்நுழை, லாக் அவுட்டுக்கு வெளியேறு, எக்ஸிட்டுக்கும் வெளியேறுன்னே போட்டுட்டேன். நேத்து ஒரு பொண்ணு எக்ஸிட்டை அழுத்திட்டு எழுந்து போயிடுச்சு, அடுத்து வந்த பையன் திறந்தா அவ கணக்கு அப்படியே இருக்கு, அவன் எழுதின பரீட்சை அவ பேர்ல ஏறிடுச்சு. ரெண்டுக்கும் வேற வேற சொல் வேணும், உதவுங்க.

---

> லாகினுக்கு உள்நுழை

இதுவே தப்பு தம்பி. நுழைஞ்சா உள்ளதானே, கூறியது கூறல். தமிழ் விக்கிப்பீடியாவுல புகுபதிகை, விடுபதிகைன்னு அழகா இருக்கே. லாக்னா மரக்கட்டை. முடிச்சுப் போட்ட கயித்துல கட்டையைக் கட்டிக் கடல்ல விட்டு கப்பல் வேகத்தை அளந்தாங்க, வேகத்தை இன்னைக்கும் நாட், அதாவது முடிச்சுன்னு சொல்றது அதனாலதான். அந்தக் கணக்கை எழுதி வச்ச ஏடு லாக்புக். ஆக பதிவுதான் இதுக்கு உயிர். செய்கை, வருகை மாதிரி பதிகை, ஊறுகாய் மாதிரி புகுபதிகை, சுத்தமான வினைத்தொகை.

---

ஐயா, உயர்ந்தோங்கு மலைன்னு சொல்றோமே, ஒருபொருட்பன்மொழியை நன்னூலே ஏத்துக்குது. பதிகைன்னா பிள்ளைங்க தேவாரப் பதிகமான்னு கேட்கும். இன்னொண்ணு, ஆங்கிலத்துல லாக் இன்னு பிரிச்சு எழுதினா வினை, சேர்த்து எழுதினா பெயர். பொத்தானுக்கு ஏவல் வேணும், புகுபதிகை பெயர்ச்சொல், பொத்தான்ல 'புகுபதிகை செய்'னு நீட்டணும், இடம் பத்தாது.

---

எனக்கு நுழைங்கிறதே பிடிக்கலை, ஊசித் துளையில நூல் நுழையிற மாதிரி இருக்கு. புதுமனை புகுவிழான்னு சொல்லும்போது உரிமையோட போறது தெரியுது. வெறும் 'புகு' போதாதா?

---

வீடு புகுந்து திருடினான்னும் சொல்றோமேம்மா.

கேட்டவரோட சிக்கல் வெளியே வர்றதுலதான், எல்லாரும் வாசல்லயே நிக்கிறோம். எக்ஸிட்டுக்கு 'மூடு' போடுங்க. மூடுறது ஜன்னலை, விலகுறது கணக்கை விட்டு. லாக் அவுட்டுக்கு 'கணக்கிலிருந்து விலகு'.

---

விலகுன்னா வேலையை விட்டுப் போற மாதிரி இல்ல? 'கணக்கை விட்டு வெளியேறு'ன்னு இருக்கட்டும்.

---

எல்லாருக்கும் நன்றி. உள்நுழை, கணக்கை விட்டு வெளியேறு, மூடு, இந்த மூணையும் போட்டு இன்னைக்கு வகுப்புல காட்டினேன், யாரும் மாத்தி அழுத்தலை. இதையே அனுப்பிடறேன்.

---

அனுப்புங்க தம்பி, பிள்ளைங்களுக்குப் புரிஞ்சா சரி. ஆனா லாக் ஃபைல்னு ஒரு வரி வரும்போது பதிவுன்னு எழுதுவீங்கல்ல, அதுக்கும் உங்க உள்நுழைக்கும் என்ன உறவு இருக்கும்? புகுபதிகைதான்னு நான் இன்னமும் சொல்றேன்.