கசிவு கண்ணில் படாமல் குறையும் கூலண்ட்: பழைய கார் வைத்திருப்போரின் அனுபவங்கள்

திருச்சியிலிருந்து:

பழைய காரில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை என்று சொன்னால், பட்டறையில் பெரும்பாலும் முதலில் வரும் பதில் ‘ஹெட் கேஸ்கெட்’, அதாவது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடியிலுள்ள பிளாக்குக்கும் இடையே கசியாமல் அடைக்கும் தகடு போய்விட்டது, என்பதாகவே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு தயாரான என் பெட்ரோல் காருக்கும் அதே தீர்ப்புதான் கிடைத்தது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால்நிறத்தில் படிந்திருந்த நுரையை, கூலண்ட் ஆயிலில் கலந்துவிட்டதற்குச் சான்றாக மெக்கானிக் காட்டினார். கடைத்தெரு வரை ஓடி நின்றுவிடும் வண்டியில், எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால் உள்ளே தங்கும் ஈரம்கூட அப்படி நுரையாகப் படியும் என்பதால், ஆயில் அளவைக் காட்டும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்க்கச் சொன்னேன். ஆயில் தெளிவாக இருந்தது, அளவும் கூடவில்லை. ஹெட்டைக் கழற்றும் பேச்சு அத்துடன் ஒத்திவைக்கப்பட்டது.

என் பார்வையில், கண்ணுக்குத் தெரியாத கசிவு என்பது பெரும்பாலும் நாம் பார்க்கும் நேரத்தில் நிகழாத கசிவுதான். ரேடியேட்டர் மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ பொறித்திருப்பது ‘பார்’ கணக்கிலான அழுத்தம். அந்த அழுத்தம் உள்ளே நிற்பதால்தான் வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியில் கொதித்துவிடாமல் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை தாக்குப்பிடிக்கிறது. எஞ்சின் சூடேறி அழுத்தம் எழும்போது மட்டும் மயிரிழை விரிசல் வழியே வெளியேறும் திரவம், அருகிலுள்ள கொதிக்கும் உலோகத்தில் பட்ட கணமே ஆவியாகிவிடுகிறது. வண்டி ஆறியபின் டார்ச் அடித்துத் தேடுபவருக்கு ஒன்றும் அகப்படாது. ஆகவே எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அந்த அழுத்தத்தை உண்டாக்கிப் பார்ப்பதுதான் வழி.

அதற்கென்று கைப்பம்பும் அளவுமானியும் சேர்ந்த பிரஷர் டெஸ்டர் இருக்கிறது. காலையில் எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரின் வாயில் அதைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அளவு வரை அழுத்தம் ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம். முள் மெதுவாக, ஆனால் ஐயத்துக்கு இடமின்றி இறங்கியது. ஹோஸ்கள், கிளாம்புகள், ரேடியேட்டரின் அலுமினிய உடலும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் மடிப்பு, பிளாக்கின் பக்கவாட்டுத் துளைகளை மூடும் கோர் பிளக்குகள் என எல்லாமே காய்ந்திருந்தன. கைக்கண்ணாடியை, கூலண்டைச் சுற்றி ஓடவைக்கும் வாட்டர் பம்புக்கு அடியில் நீட்டிப் பார்த்தபோதுதான், பம்பின் தண்டுக்குக் கீழே இருக்கும் சிறு துளையிலிருந்து பச்சை கலந்த வெள்ளை உப்பு ஒரு கோடாக வழிந்து காய்ந்திருப்பதும், அதன் நுனியில் புதிதாக ஒரு துளி திரள்வதும் தெரிந்தன. அந்தத் துளை ஓட்டையன்று. உள்ளேயிருக்கும் சீல் தேய்ந்தால் திரவம் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறட்டும் என்று வேண்டுமென்றே விடப்பட்டது. அதை எம்சீல் வைத்து அடைத்துத் தரும் பட்டறைகளும் உண்டு. அப்படி அடைத்தால் அடுத்துப் போவது பேரிங்தான். என் வண்டியில் டைமிங் பெல்ட்தான் பம்பைச் சுழற்றுகிறது என்பதால் பம்போடு பெல்ட்டையும் சேர்த்தே மாற்றிவிட்டேன். ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுப்பானேன்?

மதுரையிலிருந்து:

திருச்சி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் காரில் ரிசர்வ் டப்பாவின் அளவு மாறவேயில்லை, குறைந்தது ரேடியேட்டரில். எஞ்சின் ஆறும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடம், மூடியின் நடுவிலுள்ள சிறு வால்வு வழியாக டப்பாவிலிருந்து கூலண்டைத் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். இடையிலுள்ள மெல்லிய குழாய் நுனியில் வெடித்திருந்ததால் கூலண்டுக்குப் பதில் காற்றே உள்ளே போயிருக்கிறது. டப்பாவை மட்டும் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள், வண்டி நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார்ப்பது நல்லது. சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் பீய்ச்சும்.

குன்னூரிலிருந்து:

ஹெட் கேஸ்கெட் என்று சொல்பவர் எல்லோரும் தவறாகச் சொல்கிறார்கள் என்று ஆகிவிடக்கூடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் மட்டும் என் காரில் கூலண்ட் குறைந்தது. சமவெளியில் எவ்வளவு ஓட்டினாலும் குறையவில்லை. பிரஷர் டெஸ்டர் முள்ளும் அசையாமல் நின்றது. ஏற்றத்தில் சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம் கைப்பம்பின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், அந்தச் சோதனையில் தேறிய கேஸ்கெட்டும் மலையில் விட்டுக்கொடுக்கலாம்.

எனக்குக் காட்டிக்கொடுத்தவை வேறு அடையாளங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும், தண்ணீர் சூடாவதற்கு வெகுநேரம் முன்பே மேல் ஹோஸ் கல்போல இறுகியது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தபோது, மூன்று பழுப்பேறியிருக்க, ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல் வெளுத்திருந்தது. பிறகு, சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் வந்து பட்டால் நிறம் மாறும் நீலத் திரவத்தை ரேடியேட்டரின் வாயில் வைத்துப் பார்த்தோம். அது மஞ்சளாக மாறியது. அதன் பிறகே ஹெட்டைக் கழற்றச் சம்மதித்தேன். லேத்தில் கொடுத்து ஹெட்டைச் சமப்படுத்தாமல் புதிய கேஸ்கெட் மட்டும் போட்டுத் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சூட்டில் கோணிய ஹெட்டின் மேல் எந்தக் கேஸ்கெட்டும் நெடுநாள் நிற்காது.

லாரி, டிராக்டர் ஓட்டுநர்கள் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடும் வழக்கத்தை யாராவது இங்கே சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஊசித்துளைக் கசிவை அது தற்காலிகமாக அடைக்கும் என்பது உண்மைதான். நடுவழியில் நின்றவருக்கு அது உதவி. ஆனால் அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழல்களிலும் போய்ப் படியும் என்பதால், வீடு சேர்ந்ததும் முழுவதும் கழுவிவிட வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து:

நம் ஊரில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை என்பதால் அதைச் சந்தேகிப்பவரும் இல்லை. ஆனால் பல பழைய கார்களில் ஹீட்டரைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருக்கும் ஹீட்டர் கோர் என்ற சிறு ரேடியேட்டர் வழியாகக் கூலண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எங்கள் காரில் முன்சீட்டின் கால்மிதி ஈரமாக இருந்ததைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஏசி தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறது என்றார்கள். வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தோம். ஏசி தண்ணீராக இருந்தால் நிறமில்லாமல் இருந்திருக்கும், இதுவோ பச்சையாகவும் விரலில் வழுவழுப்பாகவும் இருந்தது. காருக்குள் நாளாக வீசிய இனிப்பு வாடைக்கும், முன் கண்ணாடியின் உட்புறம் எவ்வளவு துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பிசுக்குக்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது.

டாஷ்போர்டு முழுவதையும் இறக்கிப் புதிய கோர் போடும் செலவு வண்டியின் மதிப்புக்குப் பொருந்தாது என்று முடிவு செய்து, எஞ்சின் பக்கத்தில் ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பும் ஹோஸையும் ஒரு பித்தளைக் குழாயால் இணைத்துவிட்டோம். அதன் பிறகு கூலண்ட் குறையவில்லை. டிசம்பரில் கொடைக்கானலுக்குப் போகும்போது மட்டும் வீட்டில் ஆளுக்கொரு சால்வை எடுத்துக்கொள்கிறோம்.